மதுரையில் இரண்டு நாள் தங்கிவிட்டு அதே டிக்கெட்டில் கன்னியாகுமரி போக முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எழும்பூரிலிருந்து கன்னியாகுமரிக்கு நான்கு பேருக்கு ஒரே டிக்கெட். மதுரையில் இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டு, மிச்ச தூரத்தை அதே டிக்கெட்டில் போகலாமா? ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்கும் அது செல்லுமா? கார்டு லைனில் (விருத்தாசலம் வழி) போட்ட டிக்கெட்டை வைத்துக்கொண்டு மெயின் லைன் (தஞ்சாவூர் வழி) வண்டியில் ஏறலாமா?

முதல் கேள்விக்குப் பதில்: மதுரையில் முடியாது. திருநெல்வேலியில் முடியும். இதற்குக் காரணம் ஊரல்ல, கிலோமீட்டர்.

நடுவில் இறங்கித் தங்கிவிட்டு அதே டிக்கெட்டில் தொடர்வதற்குப் பெயர் பிரேக் ஜர்னி. அதன் விதி இப்படி இருக்கிறது. டிக்கெட்டின் மொத்த தூரம் 500 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். அது மட்டும் போதாது. புறப்பட்ட இடத்திலிருந்து குறைந்தது 500 கிலோமீட்டர் பயணம் செய்த பிறகுதான் முதல் இறக்கம் அனுமதி. பலரும் இந்த இரண்டாவது பாதியைக் கவனிப்பதே இல்லை. டிக்கெட் 1000 கிலோமீட்டர் வரை என்றால் ஒரே ஒரு முறை இறங்கலாம், அதற்கு மேல் என்றால் இரண்டு முறை. ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நாள் தங்கலாம். போய்ச் சேரும் நாளும் கிளம்பும் நாளும் அந்த இரண்டில் சேராது. வெள்ளிக்கிழமை காலை இறங்கினால் சனி, ஞாயிறு தங்கி, திங்கள்கிழமை கிளம்பலாம்.

இப்போது சென்னையிலிருந்து கணக்கைப் போட்டுப் பாருங்கள். எழும்பூரிலிருந்து மதுரை சுமார் 495 கிலோமீட்டர். சென்ட்ரலிலிருந்து கோயம்புத்தூரும் ஏறத்தாழ அதே தூரம்தான். இரண்டுமே 500க்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகின்றன. சென்னைக்காரர்களுக்கு இந்த விதி கையில் கிடைத்தும் கிடைக்காமல் போவது இதனால்தான். திருச்சி 337, திண்டுக்கல் 430 சொச்சம். ஆக, நாம் அதிகம் இறங்க விரும்பும் ஊர்கள் எல்லாமே கோட்டுக்கு இந்தப் பக்கம். ஐந்தாறு கிலோமீட்டர்தானே என்று கவுண்ட்டரில் கெஞ்சிப் பயனில்லை. தூரத்தைக் கணக்கிடுவது கம்ப்யூட்டர், எதிரே உட்கார்ந்திருப்பவர் கையில் எதுவும் இல்லை.

கோட்டைத் தாண்டியதும் வரும் பெரிய ஸ்டேஷன் விருதுநகர். சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போகிறவர்கள் அங்கே இறங்கிக்கொள்ளலாம். அடுத்து கோவில்பட்டி, பிறகு திருநெல்வேலி. குற்றாலம், தென்காசி, திருச்செந்தூர் திட்டம் இருந்தால் கன்னியாகுமரி டிக்கெட்டில் திருநெல்வேலிதான் சரியான இடம், எழும்பூரிலிருந்து சுமார் 650 கிலோமீட்டர். கன்னியாகுமரி வரை மொத்தம் 740க்குச் சற்று மேல் வருவதால் ஒரு இறக்கம்தான் உண்டு. விருதுநகரில் ஒன்று, திருநெல்வேலியில் ஒன்று என்று இரண்டு கேட்டால் கிடைக்காது.

திரும்பி வரும்போது மதுரையில் இறங்கலாமே என்று தோன்றும். அதுவும் ஆகாது. கன்னியாகுமரியிலிருந்து எண்ணினால் மதுரை 250 கிலோமீட்டர் அளவில்தான் வருகிறது, திருச்சியே 400 சொச்சம். அந்தத் திசையில் 500ஐத் தாண்டுவது விருத்தாசலமும் விழுப்புரமும்தான். பாண்டிச்சேரிக்குப் போய்விட்டு வீடு திரும்பலாம் என்பவர்களுக்கு விழுப்புரம் உதவும்.

கோயம்புத்தூர் வழியாகக் கேரளா போகிறவர்களுக்குப் பாலக்காட்டிலிருந்து கணக்குத் தொடங்குகிறது. வடக்கே விஜயவாடா சென்ட்ரலிலிருந்து சுமார் 430 கிலோமீட்டர், ஆகவே அங்கே முடியாது. டெல்லி டிக்கெட்டில் வாரங்கல், நாக்பூர், போபால், ஆக்ரா என்று எதில் வேண்டுமானாலும் இரண்டைத் தேர்ந்தெடுக்கலாம். ஹவுரா டிக்கெட்டில் ராஜமுந்திரி, விசாகப்பட்டினம், புவனேஸ்வர். உண்மையைச் சொன்னால் இந்தச் சலுகை நீண்ட வடநாட்டுப் பயணத்துக்குத்தான் பொருத்தம். தமிழ்நாட்டுக்குள் இதை நம்பித் திட்டம் போடுகிறவர்களில் பாதிப் பேருக்கு அது பலிக்காது.

ராஜதானி, சதாப்தி, ஜனசதாப்தி, வந்தே பாரத் வண்டிகளுக்கு இந்த வசதி கிடையாது. சாதாரண மெயில், எக்ஸ்பிரஸ், சூப்பர்ஃபாஸ்ட் வண்டிகளுக்குத்தான்.

அடுத்தது ஆன்லைன் விஷயம். ஐஆர்சிடிசியில் நீங்கள் எடுப்பது ஒரு வண்டி, ஒரு தேதி, ஏறும் இடம், இறங்கும் இடம். நடுவில் இறங்கி வேறு நாள் வேறு வண்டியில் தொடர்வதாக ஒரே டிக்கெட்டில் பதிவுசெய்ய அங்கே இடம் இல்லை. உங்கள் மொபைலில் இருக்கும் கன்னியாகுமரி டிக்கெட்டை வைத்துக்கொண்டு திருநெல்வேலியில் இறங்கிவிட்டு, இரண்டு நாள் கழித்து அதே எண்ணுள்ள வண்டியில் ஏறினால் உங்கள் பெர்த்தில் வேறொருவர் படுத்திருப்பார். அந்த பெர்த் அந்த ஒரு நாள் வண்டிக்கு மட்டும்தான் உங்களுடையது. பிரேக் ஜர்னி என்பது தொடர்ந்து பயணம் செய்யும் உரிமை, இருக்கைக்கான உரிமை அல்ல. இருக்கை வேண்டுமென்றால் இரண்டாவது வண்டிக்கும் முன்பதிவு இருக்க வேண்டும்.

அதனால் ரிசர்வேஷன் கவுண்ட்டருக்குத்தான் போக வேண்டும். எழும்பூர், சென்ட்ரல், தாம்பரம் எதுவானாலும் சரி. படிவத்தில் எழும்பூர் முதல் கன்னியாகுமரி வரை என்று எழுதி, எந்த ஸ்டேஷனில் இறங்குகிறீர்கள், அதுவரை எந்த வண்டி, எந்தத் தேதி, அங்கிருந்து எந்த வண்டி, எந்தத் தேதி என்பதைத் தெளிவாகக் குறியுங்கள். இரண்டாவது வண்டியின் விவரத்துக்கு இன்னொரு படிவத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பதிவுசெய்பவருக்குக் குழப்பம் இருக்காது. ஒரு படிவத்தில் ஆறு பேர் வரை போடலாம், உங்களுக்கு நான்கு பேர் என்பதால் பிரச்சினை இல்லை. கொடுக்கும்போதே வாயால் சொல்லிவிடுங்கள்: "பிரேக் ஜர்னி சார், திருநெல்வேலியில ஒரு பிரேக், ஒரே த்ரூ டிக்கெட்டா போடுங்க." சொல்லாமல் விட்டால் அவசரத்தில் இரண்டு தனித்தனி டிக்கெட்டாக அடித்துவிடுவார்கள், கட்டணம் கூடிவிடும். வாங்கியதும் கவுண்ட்டரை விட்டு நகராமல் இரண்டு தேதியையும் சரிபாருங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முன்பதிவு இப்போது பயண நாளைத் தவிர்த்து 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது, 2024 நவம்பர் 1 முதல் அப்படி. முதல் வண்டிக்குப் பதிவு திறக்கும் அன்று இரண்டாவது வண்டிக்குத் திறந்திருக்காது, ஏனென்றால் அது மூன்று நான்கு நாள் தள்ளி. இரண்டும் ஒரே டிக்கெட்டில் வர வேண்டுமானால் இரண்டாவது தேதி திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் பொங்கல், தீபாவளி, மே மாத வண்டிகளில் முதல் பாதி நிரம்பிப்போகும். ஆகவே விடுமுறைக் கூட்டத்தில் இந்த முறையை நம்ப வேண்டாம் என்பதுதான் என் யோசனை. கூட்டம் குறைந்த மாதங்களில் தாராளமாகச் செய்யலாம்.

இறங்கும் ஸ்டேஷனில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெளியே போகும் முன் டிக்கெட்டை ஸ்டேஷன் மாஸ்டரிடமோ டிக்கெட் பரிசோதகரிடமோ காட்டி, அதில் ஸ்டேஷன் குறியீடு, தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இது இல்லாமல் இரண்டாவது வண்டியில் ஏறினால் என்றைக்கு இறங்கினீர்கள் என்பதற்கு ஆதாரம் இருக்காது. அதிகாலை நான்கு மணிக்கு இறங்கும் ஸ்டேஷனில் வாசலில் யாரும் நிற்க மாட்டார்கள். நேரே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய்விடுங்கள். குழந்தைகள், பெட்டிகள் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு ஒருவர் மட்டும் திரும்பி ஓடுவதைவிட, நடைமேடையிலேயே முடித்துவிடுவது சுலபம்.

ஒரே டிக்கெட்டாக எடுப்பதில் என்ன லாபம்? தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும்படிதான் ரயில் கட்டணம் அமைந்திருக்கிறது. 740 கிலோமீட்டருக்கு ஒரே டிக்கெட் என்றால், 650க்கு ஒன்றும் 90க்கு ஒன்றும் எடுப்பதைவிடக் குறைவு. அதைவிடப் பெரிய அடி குறைந்தபட்ச தூரக் கணக்கில் விழுகிறது. ஸ்லீப்பரில் எவ்வளவு குறைவாகப் போனாலும் 200 கிலோமீட்டருக்குக் கட்டணம். தேர்டு ஏசியில் 300, ஏசி சேர் காரில் 150. திருநெல்வேலியிலிருந்து கன்னியாகுமரி 90 கிலோமீட்டர்கூட இருக்காது. அதைத் தனியாக ஸ்லீப்பரில் எடுத்தால் இரண்டு மடங்குக்கும் மேல் தூரத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள். தேர்டு ஏசியில் மூன்று மடங்கு. ஆகவே தனி டிக்கெட்தான் என்று முடிவானால் சின்னத் துண்டைப் பகல் வண்டியில் முன்பதிவில்லாத டிக்கெட்டிலோ செகண்ட் சிட்டிங்கிலோ போய்விடுவது நல்லது.

சரி, மதுரைதான் வேண்டும் என்றால்? மூன்று வழி இருக்கிறது.

இரண்டு நாள் தங்காமல் ஒரு பகல் போதும் என்றால், வண்டி மாறும் விதி உதவும். த்ரூ டிக்கெட்டில், அதாவது புறப்படும் இடம் முதல் போய்ச் சேரும் இடம் வரை எடுத்த ஒரே டிக்கெட்டில், இணைப்பு வண்டியைப் பிடிப்பதற்காக ஒரு ஸ்டேஷனில் 24 மணி நேரத்துக்குள் காத்திருப்பது பிரேக் ஜர்னியாகக் கணக்கில் வராது. கவுண்ட்டரில் எழும்பூர் முதல் மதுரை வரை பாண்டியன் எக்ஸ்பிரஸ், அன்று இரவோ மறுநாள் அதிகாலையோ மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் வண்டி என்று ஒரே டிக்கெட்டாகக் கேளுங்கள். அதிகாலையில் இறங்கி, பைகளை கிளாக் ரூமில் போட்டுவிட்டு மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மஹால் எல்லாம் நிதானமாகப் பார்த்துவிட்டு வரலாம். கிளாக் ரூமில் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள், பூட்டாத பையை வாங்க மாட்டார்கள். சின்னப் பூட்டு இரண்டு கையோடு கொண்டுபோங்கள்.

இரண்டு நாள் கட்டாயம் என்றால் இரண்டு தனி டிக்கெட். மதுரையிலிருந்து கன்னியாகுமரி 250 கிலோமீட்டர் அளவு என்பதால் ஸ்லீப்பரில் குறைந்தபட்சக் கணக்கு உங்களைப் பாதிக்காது. தேர்டு ஏசியில் 300க்குக் கட்ட வேண்டியிருக்கும். முதல் பயணம் ஏசி, இரண்டாவது ஸ்லீப்பர் என்று பிரித்துக்கொண்டால் நான்கு பேருக்கு நல்ல மிச்சம்.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அது ரொம்பப் பிடித்த ஏற்பாடு: சுற்றுப்பயண டிக்கெட். கிளம்பிய இடத்துக்கே ஒரு வட்டமடித்துத் திரும்பி வருபவர்களுக்கு இது. சென்னை, திருச்சி, மதுரை, திருநெல்வேலி, நாகர்கோவில், கன்னியாகுமரி, திருவனந்தபுரம், எர்ணாகுளம், கோயம்புத்தூர், சேலம், சென்னை என்பது போல. இதில் எட்டு இடங்கள் வரை இறங்கலாம். மொத்த தூரத்தை இரண்டாக வகுத்து, இரண்டு தனிப் பயணங்களாகக் கணக்கிட்டுக் கட்டணம் போடுவார்கள். நான் சொன்ன வட்டம் ஏறத்தாழ 1700 கிலோமீட்டர், அதாவது 850 கிலோமீட்டர் டிக்கெட் இரண்டின் விலை. துண்டு துண்டாக எடுத்தால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இதை ஆன்லைனில் எடுக்க முடியாது. வழக்கமான சுற்றுகள் சில ஏற்கெனவே வகுக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் சொந்த வழி என்றால் ஊர்களை வரிசையாக எழுதி, கோட்ட வணிக மேலாளர் அலுவலகத்திலோ பெரிய ஸ்டேஷனின் மேலாளரிடமோ கொடுத்துக் கட்டணம் கணக்கிட்டு வாங்க வேண்டும். அதன்பின் கவுண்ட்டரில் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வண்டிக்கும் முன்பதிவு செய்ய வேண்டும். அலைச்சல் உண்டு. பத்து நாள் குடும்பச் சுற்றுலா என்றால் அலைச்சலுக்குத் தகுந்த பலனும் உண்டு.

இனி வழி மாறுவது பற்றி. எழும்பூரிலிருந்து திருச்சிக்கு விழுப்புரம் வரை ஒரே பாதை. அங்கிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகப் போவது கார்டு லைன். கடலூர், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போவது மெயின் லைன். இது கார்டு லைனைவிட அறுபது கிலோமீட்டருக்கு மேல் சுற்று. வைகை, பல்லவன் எக்ஸ்பிரஸ்கள் கார்டு லைனில் போகின்றன, சோழன் எக்ஸ்பிரஸ் மெயின் லைனில். முன்பதிவு டிக்கெட்டில் இது பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அந்த வண்டி போகும் வழிக்குத்தான் கட்டணம் வாங்கியிருப்பார்கள். சிக்கல் வருவது முன்பதிவில்லாத டிக்கெட்டில். அதில் 'வழி' என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். விருத்தாசலம் வழியாக அடித்த திருச்சி டிக்கெட்டோடு சோழனில் ஏறினால், கடலூர் பக்கம் திரும்பியதுமே அந்த டிக்கெட் அந்தப் பாதைக்குச் செல்லாது. ஏறுவதற்கு முன்பே கவுண்ட்டரில் தஞ்சாவூர் வழி என்று சொல்லி வாங்குங்கள். ஏறிவிட்டுத்தான் தெரிந்தது என்றால் பரிசோதகர் வரும்வரை காத்திராமல் நீங்களே போய்ச் சொல்லி வித்தியாசத்தைக் கட்டுவது நல்லது. அவராகப் பிடித்தால் ரயில்வே சட்டம் 138ஆம் பிரிவின்படி கட்டணத்தோடு அபராதமும் சேரும். அபராதம் அந்தக் கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது.

வெள்ளம், பாதை வேலை போன்ற காரணங்களால் ரயில்வேயே வண்டியைத் திருப்பிவிட்டால் உங்களிடம் கூடுதலாக எதுவும் வாங்கக் கூடாது. அந்த வழியில் போக விருப்பமில்லை என்று பயணத்தையே விட்டுவிட்டால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். ஆன்லைன் டிக்கெட் என்றால் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் ஆன்லைன் மனு) போட வேண்டும், தானாக வராது.

முன்பதிவில்லாத டிக்கெட்டில் நேர வரம்பும் இருக்கிறது. 199 கிலோமீட்டர் வரை என்றால் வாங்கிய மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்கான அடுத்த முதல் வண்டி கிளம்பும்வரை, இரண்டில் எது பிந்தியதோ அதற்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். 200 கிலோமீட்டரும் அதற்கு மேலும் என்றால் மூன்று நாள் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

மின்சார ரயிலில் இந்த பிரேக் ஜர்னி பேச்சுக்கே இடமில்லை. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டு, மாம்பலத்தில் இறங்கி ரங்கநாதன் தெருவில் துணி வாங்கிவிட்டு அதே டிக்கெட்டில் மறுபடி ஏறுகிறவர்களை தினமும் பார்க்கலாம். மாம்பலத்தில் வெளியே வந்ததுமே அந்த டிக்கெட்டின் கதை முடிந்தது. பிடிபட்டால் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு 250 ரூபாயும் கட்டணமும் கட்ட வேண்டும். அடிக்கடி நடுவில் இறங்குகிறவர்களுக்கு சீசன் டிக்கெட்தான் சரி, அதில் குறிப்பிட்ட வழிக்குள் எந்த ஸ்டேஷனிலும் இறங்கி ஏறலாம். 150 கிலோமீட்டர் வரை சீசன் கொடுப்பார்கள்.

ஏறும் இடத்தை மாற்றுவதையும் பிரேக் ஜர்னியையும் சிலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். எழும்பூரிலிருந்து பதிவுசெய்துவிட்டு செங்கல்பட்டில் ஏறுவது வேறு விஷயம். முதல் சார்ட் (பயணிகள் பட்டியல்) தயாராவதற்கு முன் போர்டிங் பாயின்ட்டை, அதாவது ஏறும் இடத்தை, மாற்றிவிட வேண்டும். மாற்றாமல் செங்கல்பட்டில் நின்றால், தாம்பரம் தாண்டியதும் வரவில்லை என்று குறித்து பெர்த்தை ஆர்ஏசிக்காரருக்கு (முழு பெர்த் கிடைக்காமல் காத்திருப்பவருக்கு) கொடுத்துவிடலாம். மாற்றிய பிறகு மனம் மாறி எழும்பூரிலேயே ஏறவும் உரிமை இல்லை. நடுவில் ஏறியதற்காகக் கட்டணத்தில் ஒரு பைசா குறையாது. அதேபோல் முன்னதாக இறங்குவதில் தவறில்லை. கன்னியாகுமரி டிக்கெட்டில் நாகர்கோவிலில் இறங்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். பயணம் அங்கேயே முடிந்ததாக ஆகிவிடும், அவ்வளவுதான்.

கடைசியாக, வெளியூரிலிருந்து வந்து சென்னையில் வண்டி மாறுகிறவர்களுக்கு. டெல்லி வண்டி சென்ட்ரலில் வந்து நிற்கும், மதுரை வண்டி எழும்பூரிலிருந்து கிளம்பும். இரண்டையும் தனித்தனியாகப் பதிவுசெய்திருந்தால், முதல் வண்டி தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் பணம் போய்விடும். 2019 ஏப்ரல் 1 முதல் இரண்டு பிஎன்ஆர்களை (டிக்கெட்டின் பதிவு எண்களை) இணைக்கும் வசதி இருக்கிறது. பயணிகள் பெயர், வயது உட்பட இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இணைத்திருந்து, முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவது தவறினால், இரண்டாவதுக்கான முழுப் பணமும் பிடித்தம் இல்லாமல் திரும்பக் கிடைக்கும். முதல் வண்டி வந்து சேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் கவுண்ட்டர் டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும், ஆன்லைன் டிக்கெட் என்றால் அதே மூன்று மணி நேரத்துக்குள் டிடிஆர் போட வேண்டும். இறங்கியதும் முதலில் அதைச் செய்துவிட்டுப் பிறகு அடுத்த வண்டியைத் தேடுங்கள். சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்கு மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷன்தான். எதிரே பூங்கா ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்தாலும் அடுத்தது எழும்பூர். ஆனால் தென் மாவட்ட வண்டிகள் சில தாம்பரத்திலிருந்தே கிளம்புவதால், டிக்கெட்டில் ஏறும் இடம் எழும்பூரா தாம்பரமா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.